அறிவு எனும் அமானிதம்

(நமது ஜமாஅத்தின் வருடாந்திரப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனுடைய ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

    

ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்தாயிற்று. கட்டட நிதி பற்றியும் பேசியாயிற்று. இப்போது நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது வேறொரு கணக்கு. நம் பிள்ளைகளின் தலைக்குள் அல்லாஹ் வைத்திருக்கும் அறிவு என்னும் அமானிதத்தின் கணக்கு அது. அந்த அமானிதத்தை இன்று களவாட வந்திருப்பவை ‘ஊக்கப் பொருள்கள்’ என்று மருத்துவர்கள் வகைப்படுத்தும் போதைகள்.

“பள்ளிவாசலில் இதையெல்லாம் பேச வேண்டுமா? நம் மஹல்லாவில் அப்படி யார் இருக்கிறார்கள்?” என்று சிலர் கேட்கக்கூடும். 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில், சென்னையிலிருந்து பொதிகை விரைவு இரயிலில் கொண்டுவரப்பட்ட சுமார் 30 கிலோ மெத்தம்ஃபெட்டமைன் என்னும் போதைப்பொருளை, வருவாய்ப் புலனாய்வுத் துறையினர் நமது மதுரை இரயில் நிலையத்தில் கைப்பற்றினர். இலங்கைக்குக் கடத்தக் கொண்டு வந்தது என்று சொல்லப்பட்டது. போய்ச் சேருமிடம் எதுவாயினும், அது கடந்து செல்லும் பாதையில் நம் ஊர் இருக்கின்றது. வெள்ளம் செல்லும் வாய்க்காலின் இருகரையும் நனையாமல் இருப்பதில்லை.

அதே 2024இல், பள்ளிச் சிறுவர்கள் உதட்டுக்குள் ஒதுக்கி வைக்கும் ‘கூல் லிப்’ என்ற புகையிலைப் பொட்டலம் குறித்து, நமது உயர்நீதிமன்ற மதுரைக் கிளை மிகுந்த கவலை தெரிவித்தது. அதனை நாடு முழுவதும் தடை செய்ய இயலாதா என்றும் அரசுகளை நோக்கிக் கேட்டது. நீதிமன்றம் கவலைப்படும் ஒன்றைக் குறித்து மிம்பர் மௌனமாக இருக்கலாகாது.

அறிவைக் காப்பது ஷரீஅத்தின் நோக்கம்

மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் ஆகிய ஐந்தையும் பாதுகாப்பதே ஷரீஅத்தின் அடிப்படை நோக்கம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தொகுத்துரைத்தார்கள். இவ்வைந்தில் அறிவு தனி இடம் பெற்றதேன்? தொழுகையும் நோன்பும் அறிவுள்ளவர் மீதே கடமையாகின்றன. அறிவு நீங்கினால் கடமையும் நீங்குகின்றது. மனிதனை அல்லாஹ்வின் கட்டளைக்குத் தகுதியாக்குவதே அறிவுதான்.

மதுவைக் குறிக்கும் ‘கம்ர்’ என்ற அரபுச் சொல்லுக்கு வேர்ப்பொருள் ‘மூடுதல்’ என்பதாகும். பெண்கள் தலையை மூடும் ‘கிமார்’ என்ற துணியின் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். எது அறிவை மூடுகின்றதோ அதுவே கம்ர் என உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று விளக்கிய செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. ஆகவே புட்டியில் இருக்கின்றதா, பொடியாக இருக்கின்றதா, மாத்திரையாக இருக்கின்றதா என்பது கேள்வியல்ல. அறிவை மூடுகின்றதா என்பதே கேள்வி.

“இது மயக்குவதில்லையே!”

வாலிபர்கள் சிலர் ஒரு வாதத்தை முன்வைக்கின்றார்கள்: “ஹஜ்ரத், மது குடித்தால் தள்ளாடுவான்; கஞ்சா புகைத்தால் மயங்குவான். ஆனால் இந்த மாத்திரை மயக்குவதில்லையே! மாறாக விழிப்பைத் தருகின்றது. இரவு முழுவதும் படிக்க முடிகின்றது. அறிவை மூடாமல் திறக்கும் ஒன்று எப்படி ஹராமாகும்?”

இது புதிய வாதமன்று. யமன் நாட்டில் ‘காத்’ என்றொரு இலையை மெல்லும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக உண்டு. அதிலுள்ள சத்து, இன்று நாம் பேசும் ஆம்ஃபெட்டமைன் வகையைச் சார்ந்ததே. 16ஆம் நூற்றாண்டில், இது வணக்கத்திற்கு உற்சாகம் தருவதாக ஒரு சாராரும், உடலுக்கும் அறிவுக்கும் கேடு என்று மறுசாராரும் கூற, மக்காவில் வாழ்ந்த ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்) அவர்கள் இதற்கென்றே தனி நூல் எழுதினார்கள். திட்டவட்டமாக ஹராம் என்று தீர்ப்பளிக்கத் தயங்கிய அவர்கள், சந்தேகத்திற்குரியதிலிருந்து விலகியிருப்பதே பேணுதல் என அறிவுறுத்தினார்கள். மிதமான ஓர் இலைக்கே அந்தப் பேணுதல் என்றால், ஆய்வுக்கூடத்தில் செறிவூட்டிய நஞ்சுக்கு என்ன சொல்வது?

இன்னொரு புறத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். காப்பியும் ஊக்கப் பொருள்தான். 1511இல் மக்காவின் ஆளுநர் காப்பியைத் தடை செய்ததும், பின்னர் அத்தடை தளர்ந்ததும் வரலாறு. காப்பி, தேநீரில் உள்ள காஃபின், ‘களைத்துவிட்டோம்’ என்று மூளைக்குச் சொல்லும் சமிக்ஞையைச் சற்று நேரம் மறைக்கின்றது, அவ்வளவே. ஆகவே சுபுஹுக்குப் பின் அருந்தும் தேநீரையும் இந்த நஞ்சையும் எவரும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.

‘சுறுசுறுப்பு மாத்திரை’ என்ற பெயரில் ஏமாந்தவர்கள் நாம் மட்டுமல்லர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிலும் ஜெர்மனியிலும் படைவீரர்களுக்கு மெத்தம்ஃபெட்டமைன் மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. போர் முடிந்தபின் ஜப்பானில் அது கடைத்தெருவுக்கு வந்து பொதுமக்களைப் பீடித்தது. 1951இல் தனிச்சட்டம் இயற்றித்தான் அந்நாடு அதற்குக் கடிவாளமிட வேண்டியதாயிற்று.

மூளை எவ்வாறு கற்கின்றது?

நமது மக்தபிலும் ஹிஃப்ளு மதரஸாக்களிலும் பிள்ளைகள் ஓதும் முறையைக் கவனியுங்கள். ஒவ்வொரு நாளும் புதிய ‘சபக்’ ஒன்று. அதனுடன் முந்தைய நாள்களில் ஓதியதைத் திரும்ப ஒப்புவிக்க வேண்டும். இரவில் பாடத்தைப் பார்த்துவிட்டு உறங்கி, சுபுஹுக்கு முன் எழுந்து மீண்டும் ஓத வேண்டும். நம் உஸ்தாதுமார்கள் வழிவழியாகப் பேணி வந்த இம்முறையின் நுட்பத்தை இன்றைய மூளையியல் எடுத்துரைக்கின்றது.

மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வோர் அணுவும் மரத்தைப் போலக் கிளைவிட்டு மற்ற அணுக்களோடு இணைகின்றது. நாம் ஒன்றைக் கற்கும்போது அந்த இணைப்புகள் வலுப்பெறுகின்றன. புதிய சிறு கிளைகள் அரும்புகின்றன. ‘ஹிப்போகேம்பஸ்’ என்னும் கடற்குதிரை வடிவப் பகுதி புதிய செய்தியை முதலில் வாங்கி வைக்கின்றது. நாம் உறங்கும்போது அச்செய்தி நிலையான நினைவாகப் படிகின்றது. நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளை கவனத்தை நிறுத்துவதற்கும், ‘இதைச் செய்யாதே’ என்று தன்னைத் தடுத்துக்கொள்வதற்கும் பயன்படுகின்றது. அப்பகுதி முழுமை பெற ஏறத்தாழ 25 வயதாகின்றது. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் குதிரை இருக்கின்றது. கடிவாளம் இன்னும் தயாராகவில்லை.

இவற்றுக்கிடையே ‘டோப்பமின்’ என்ற இரசாயனம் ஓடுகின்றது. நல்லதொன்று கிடைக்கும்போது சிறிதளவு சுரந்து, ‘இது முக்கியம், இதை நினைவில் வை, மீண்டும் நாடு’ என்று மூளைக்கு முத்திரையிட்டுக் கொடுப்பது அதன் வேலை. ஒரு ஜுஸ்உவை முடித்த பிள்ளையை உஸ்தாது தட்டிக்கொடுக்கும்போது அவன் முகம் மலர்கின்றதே, அங்கே அந்த முத்திரை விழுகின்றது.

நஞ்சு செய்யும் வேலை

மெத்தம்ஃபெட்டமைன் நரம்பணுவின் முனைக்குள் நுழைந்து, அங்கே சேமித்து வைக்கப்பட்டிருக்கும் டோப்பமினை ஒரே மூச்சில் வெளியே தள்ளுகின்றது. சுரந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வாயிலையும் கெடுத்துவிடுகின்றது. கொக்கெய்ன் அந்த வாயிலை அடைக்கின்றது. சொட்டு நீர் பாய வேண்டிய வயலில் கண்மாய் உடைத்துக்கொண்டால் எப்படியோ அப்படி. அந்த வெள்ளத்தில் மூளை கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றே ஒன்றுதான்: ‘உலகில் முக்கியமானது இந்தப் பொருளே!’

சகோதரர்களே, இதை ஆழ்ந்து கவனியுங்கள். போதை மூளையின் கற்கும் சக்தியைக் கெடுக்கும் முன்பே, அந்தச் சக்தியைத் தனக்காக எடுத்துக்கொள்கின்றது. எந்த ஆற்றலால் ஒரு பிள்ளை திருமறையை மனனம் செய்கின்றானோ, அதே ஆற்றலால் அவன் மூளை போதையை மனனம் செய்கின்றது. யாருடன், எந்த மூலையில், எந்த நேரத்தில் உட்கொண்டான் என்பதெல்லாம் கல்லில் பொறித்ததைப்போல் பதிகின்றன. அதனால்தான் மாதக்கணக்கில் விட்டவனும் அந்த நண்பனைக் கண்டவுடன், அந்தத் தெருமுனையைக் கடந்தவுடன் தவிக்கின்றான். அவனைக் ‘கெட்ட எண்ணம் கொண்டவன்’ என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட இயலாது.

2003ஆம் ஆண்டு கனடா, அமெரிக்க விஞ்ஞானிகளான கோல்ப், ராபின்சன் ஆகியோரின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. எலிகளுக்குச் சுமார் இருபது நாட்கள் ஆம்ஃபெட்டமைனையோ கொக்கெய்னையோ கொடுத்து நிறுத்திவிட்டார்கள். பின்னர் அவற்றில் ஒரு பகுதியை, ஏறவும் ஆராயவும் விளையாடவும் பல பொருள்கள் நிறைந்த கூண்டில் மூன்று மாதங்களுக்கு மேல் வளர்த்தார்கள். சாதாரண எலியை அத்தகைய கூண்டில் விட்டால் அதன் நரம்பணுக்கள் புதிய கிளைகள் விடும். போதை ஏறிய எலிகளிலோ அந்த வளர்ச்சி தடைப்பட்டிருந்தது. அதாவது, போதை நிறுத்தப்பட்ட பின்னரும், வாழ்க்கை அளித்த நல்ல அனுபவம் மூளையில் பதிய மறுத்தது. எலியும் மனிதனும் ஒன்றல்ல. ஆயினும் ‘இப்போது கொஞ்சம் பார்த்துவிட்டு, கல்லூரி முடிந்ததும் விட்டுவிடுவேன்’ என்று எண்ணும் வாலிபருக்கு இதில் கடும் எச்சரிக்கை உள்ளது.

மனிதர்களிடம் செய்த ஆய்வுகளும் உண்டு. 2004இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில், மெத்தம்ஃபெட்டமைனை நெடுங்காலம் பயன்படுத்தியவர்களின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோது, அவர்களுடைய ஹிப்போகேம்பஸ் மற்றவர்களைவிடச் சராசரியாக 7.8 சதவீதம் சிறுத்திருந்தது. அந்தச் சுருக்கத்திற்கும், சொற்களை நினைவு கூரும் தேர்வில் அவர்கள் பின்தங்கியதற்கும் தொடர்பு காணப்பட்டது.

தேர்வுக்கு முந்தைய இரவு

பன்னிரண்டாம் வகுப்பு, நீட், அரசுப்பணித் தேர்வு என்று நம் பிள்ளைகள் மீது சுமை ஏறியிருக்கும் காலம் இது. பெற்றோரின் எதிர்பார்ப்பும் அதில் ஒரு பங்கு. ‘படிப்பு மாத்திரை’ என்று எவரேனும் நீட்டினால் மனம் சபலப்படலாம். 2023இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆரோக்கியமான நாற்பது பேருக்கு இத்தகைய மருந்துகளையும், ஒன்றுமில்லாத போலி மாத்திரையையும் வெவ்வேறு நாள்களில் கொடுத்துக் கடினமான கணக்குகளைப் போடச் சொன்னார்கள். ஒரு பையில் எடை மிஞ்சாமல் அதிக மதிப்புள்ள பொருள்களை அடுக்குவது போன்ற கணக்குகள் அவை. மருந்து உண்டபோது அவர்கள் அதிகம் முயன்றார்கள். அதிக நேரம் செலவிட்டார்கள். ஆனால் முயற்சியின் தரம் குறைந்தது. சுறுசுறுப்பு கூடியது, அறிவு கூடவில்லை.

அதற்கு மேல், விழித்தே கழித்த இரவில் படித்தது நினைவில் தங்குவதற்கான உறக்கமும் பறிபோகின்றது. விதைத்த வயலை அன்றிரவே உழுதுவிடுவதற்கு இது ஒப்பாகும்.

இங்கு ஒரு விளக்கம் அவசியம். கவனக்குறைவு நோயுள்ள சில குழந்தைகளுக்கு, இவ்வகையைச் சேர்ந்த மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தை மருத்துவர் அளவறிந்து கொடுப்பதுண்டு. அது சிகிச்சை. நம் உரையைக் கேட்டுவிட்டு அதனை எவரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

சிறு பொட்டலம், பெரும் கேடு

அஞ்சி நடுங்கவும் வேண்டாம். 2019இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, ஆம்ஃபெட்டமைன் வகைப் போதையைப் பயன்படுத்துவோர் 10 முதல் 75 வயது வரையுள்ள மக்களில் 0.18 சதவீதத்தினரே. நம் பிள்ளைகளின் கைக்கு மிக எளிதில் எட்டும் ஊக்கப் பொருள் புகையிலையில் உள்ள நிகோடின்தான். அதுவும் டோப்பமினைத் தூண்டுவதே. 2013 முதல் நம் மாநிலத்தில் குட்கா, பான்மசாலாவுக்குத் தடை விதிக்கப்பட்டு வந்தும், ஒளித்து விற்பது நின்றபாடில்லை. அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த, இந்திய வம்சாவளியினரான விவேக் மூர்த்தி அவர்கள் 2016இல் வெளியிட்ட அறிக்கை, வளரும் பருவத்து மூளைக்கு நிகோடின் கேடு விளைவிக்கும் என்றும், கவனத்தையும் கற்றலையும் பாதிக்கும் என்றும் எச்சரித்தது. ‘உதட்டுக்குள் வைப்பதுதானே, புகைகூட இல்லையே’ என்று பெற்றோர் அலட்சியமாக இருக்கலாகாது. ‘ஐஸ்’ என்ற நஞ்சை நோக்கிச் செல்பவனுக்கும் முதற்படி பல நேரங்களில் இதுபோன்ற எளிய பொருளாகவே அமைகின்றது.

திரும்பி வர வழியுண்டு

இத்தனையும் கேட்டு, ஏற்கனவே சிக்கியவனின் தாய் ‘என் பிள்ளை அவ்வளவுதானா?’ என்று கலங்க வேண்டாம். 2001இல் அமெரிக்காவின் நோரா வோல்கோவ் குழுவினர் நடத்திய ஆய்வில், ஓராண்டுக்கு மேல் மெத்தம்ஃபெட்டமைனிலிருந்து முற்றிலும் விலகியிருந்தவர்களின் மூளையில் டோப்பமின் கடத்திகள் கணிசமாக மீண்டிருந்தன. நினைவாற்றல் அதே வேகத்தில் மீளவில்லை என்பதும் அதில் தெரிந்தது. அதாவது, மீட்சி உண்டு. ஆனால் அது மாதக் கணக்கில் அல்ல, ஆண்டுக் கணக்கில் பொறுமை கேட்கும்.

தொண்ணூற்றொன்பது கொலைகள் செய்தவர் தௌபாவுக்கு வழிதேடிய சம்பவம் புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் இடம்பெற்றிருப்பதை அறிவீர்கள். நம்பிக்கையிழக்கச் செய்தவரையும் கொன்று நூறாக்கினார். பிறகு ஓர் ஆலிமிடம் வந்தார். அந்த ஆலிம், தௌபாவின் வாசல் திறந்திருக்கின்றது என்று கூறியதோடு நில்லாமல், உன் ஊரை விட்டு நல்லோர் வாழும் ஊருக்குச் செல் என்று வழிகாட்டினார். மூளையில் பொறித்த நினைவை இடமும் தோழமையும் தூண்டுகின்றன என்று இன்றைய விஞ்ஞானம் கூறுவதை இதனுடன் வைத்துப் பாருங்கள். சூழலை மாற்றாமல் தௌபாவை மட்டும் கேட்பது பாதி வைத்தியமே.

ஆகவே நாம் நான்கு வேண்டுகோள்களை ஜமாஅத்தின் முன் வைக்கின்றோம்.

ஒன்று, மறைக்காதீர்கள். நிக்காஹ் பேச்சு தடைப்படும், நாலுபேர் பேசுவார்கள் என்ற வெட்கத்தால் நோயை மூடி வைத்தால் அது முற்றும். உறக்கம் கெடுதல், பசி குறைதல், காரணமற்ற சினம், சந்தேகம், பணம் காணாமற்போதல், மதிப்பெண் சரிதல் ஆகியவற்றைக் கண்டால் அடிக்கும் முன் அமர்ந்து பேசுங்கள். அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகுங்கள். 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

இரண்டு, சட்டத்தை அறிந்துகொள்ளுங்கள். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, மெத்தம்ஃபெட்டமைன் 50 கிராம் என்பதே வணிக அளவு. அதற்குப் பத்து முதல் இருபது ஆண்டுகள் வரை கடுங்காவல் உண்டு. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவோடு சிக்கிய அடிமைப்பட்டவர், அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சையை முழுமையாகப் பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு பெற வழி செய்கின்றது. விற்பவனுக்குச் சட்டம் வேறு, நோயாளிக்குச் சட்டம் வேறு. நம் ஜமாஅத்தின் அணுகுமுறையும் அவ்வாறே அமைய வேண்டும்.

மூன்று, வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் பிறர் தரும் பொட்டலத்தைப் பிரித்துப் பாராமல் வாங்காதீர்கள். மாமன் மகன் கொடுத்த மாத்திரைப் பட்டையாயினும் மருத்துவச் சீட்டில்லாமல் எடுத்துச் செல்லாதீர்கள். சவூதியில் போதைக் கடத்தல் வழக்குகளில் மரண தண்டனை நிறைவேற்றம் 2022 நவம்பரில் மீண்டும் தொடங்கியது.

நான்கு, சிகிச்சை முடித்துத் திரும்பும் வாலிபருக்கு ஜமாஅத் புதிய சூழலாக அமைய வேண்டும். பழைய தெருமுனைக்குப் பதிலாக அவர் வந்து அமர ஓர் இடம், செய்ய ஒரு வேலை, பழக நல்ல தோழமை வேண்டும். பள்ளிவாசல் நூலகத்தை மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே திறந்து வைத்து, மாணவர்களுக்குப் பாடம் சொல்லித்தரப் பட்டதாரி இளைஞர்கள் சிலர் முன்வந்தால், அதுவே பெரும் ஸதகா. முதல் ஸஃப்பில் அவர் வந்து நிற்கும்போது, ‘இவனா?’ என்று ஒரு பார்வைகூட அவர் மீது விழலாகாது. அந்த ஒரு பார்வை அவரைத் திரும்ப அந்தத் தெருமுனைக்கே அனுப்பிவிடும்.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தம் மறதியைப் பற்றி ஆசிரியர் வகீஉ (ரஹ்) அவர்களிடம் முறையிட்டபோது, பாவங்களை விட்டொழிக்குமாறு ஆசிரியர் அறிவுறுத்தியதாக நம் மதரஸாக்களில் வழிவழியாகச் சொல்லப்படுவதுண்டு. கல்வி ஓர் ஒளி என்பது நம் முன்னோரின் நம்பிக்கை. அந்த ஒளி தங்குமிடத்தை அல்லாஹ் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறக்கும்போதே கொடுத்தனுப்புகின்றான். அதை இளமையை எதில் கழித்தாய் என்ற கேள்வி கேட்கப்படும் கியாமத் நாள் வரை பழுதில்லாமல் கொண்டு செல்ல உதவுவது பெற்றோர், உஸ்தாது, ஜமாஅத் ஆகிய மூவரின் பொறுப்பாகும்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் அறிவையும் நினைவாற்றலையும் பாதுகாப்பானாக! சிக்கியவர்களுக்கு ஷிஃபாவையும், அவர்களைப் பெற்றவர்களுக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! திரும்பி வருவோரை அரவணைக்கும் விசாலமான உள்ளத்தை நம் ஜமாஅத்திற்கு வழங்குவானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.